கார் கேள்வி பதில்: டேஷ்போர்டுக்குள்ள ஒழுகுற ஹீட்டர் கோர்

இந்த தடவ வந்த கேள்விகள்ல நிறைய ஒரே இடத்த சுத்தி தான் வருது. காருக்குள்ள இனிப்பு வாசன, கால் வைக்கிற இடத்துல ஈரம், முன் கண்ணாடில பிசுபிசுப்பு. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், என் கார் 12 வருஷம் பழசு. ஒரு மாசமா ஹீட்டர் போட்டா இருமல் சிரப் பாட்டில தொறந்த மாதிரி ஒரு வாசன வருது. முன் கண்ணாடி உள்பக்கம் மங்கலாகுது, துணியால துடைச்சா இன்னும் மோசமா எண்ணெய் தடவுன மாதிரி ஆயிடுது. டிரைவருக்கு பக்கத்து சீட்ல மேட்டுக்கு கீழ ஈரம். இன்ஜின ஆற வைக்கிற திரவம் இருக்குற கூலன்ட் டேங்க்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அரை லிட்டர் ஊத்த வேண்டியிருக்கு. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் அது ஏசி தண்ணி, கண்டுக்காதீங்கன்னு சொல்றார். நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க. ஏசி தண்ணி எவ்ளோ கொட்டுனாலும் கூலன்ட் டேங்க்ல ஒரு சொட்டு கொறையாது, ரெண்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கெடையாது. வாசன, படலம், ஈரம், டேங்க் எறங்குறது, இந்த நாலும் சேந்து வந்தா சந்தேகம் நேரா ஹீட்டர் கோர் மேல தான் போகணும். ஆனா சந்தேகம் வேற, உறுதி வேற. டேஷ்போர்ட தொடுறதுக்கு முன்னாடி உறுதி பண்ணிக்கோங்கன்னு நான் கெஞ்சி கேட்டுக்குறேன், அதுக்கு காரணமும் சொல்றேன்.

ஹீட்டர் கோர்னா வேற ஒண்ணுமில்ல, ஒரு குட்டி ரேடியேட்டர். ஒரு நோட்டு புத்தகம் அளவுக்கு இருக்கும், டேஷ்போர்டுக்கு உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டில ஒளிஞ்சு உக்காந்திருக்கும். இன்ஜின்லேர்ந்து சூடான கூலன்ட் ரெண்டு ரப்பர் ஹோஸ் வழியா, அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் தகட்ட தாண்டி, இதுக்குள்ள வந்துட்டு திரும்பி போகும், பிளோயர் காத்து இதோட துடுப்பு தகடுங்க மேல பட்டு சூடாகி உங்க காலுக்கும் கண்ணாடிக்கும் வரும். இதுல ஊசி முனை அளவு ஓட்ட விழுந்தா கூட, சூடான கூலன்ட் ஆவியாகி அந்த காத்தோடயே சேந்து கண்ணாடில போய் படியும். தண்ணி ஆவின்னா காஞ்சு போயிடும், இதுல கிளைகால்ங்குற பிசுபிசுப்பான ரசாயனம் இருக்கு, அது காயாது, அதான் எண்ணெய் மாதிரி தேயுது.

முதல் சோதனைக்கு காசே வேண்டாம். மேட்ட தூக்கிட்டு ஒரு வெள்ள டிஷ்யூ பேப்பர கார்பெட்டுல நல்லா அழுத்தி எடுங்க, வெளிச்சத்துல பாருங்க. நிறமே இல்லாம, வாசன இல்லாம, விரல்ல தேச்சா சாதா தண்ணி மாதிரி இருந்தா அது ஏசி வடிகால் அடைச்சு உள்ள திரும்புற தண்ணியா இருக்கலாம், இல்ல மழ தண்ணி கண்ணாடி ரப்பர் ஓரமா எறங்குறதா இருக்கலாம். பச்சையோ சிவப்போ நீலமோ லேசா சாயம் ஏறியிருந்து, விரலுக்கு நடுவுல வழுக்குனா கூலன்ட் தான். மோந்து பாருங்க, போதும். நாக்குல வெச்சு பாக்குற பழக்கம் சிலருக்கு இருக்கு, தயவு செஞ்சு வேண்டாம், அது விஷம்.

இப்போ கூலன்ட்னு தெரிஞ்சுடுச்சு. அப்படின்னா கோர் தான் ஓட்டன்னு முடிவு பண்ணிடலாமா? நானும் ஒரு தடவ அப்படித்தான் நெனச்சேன். பல வருஷம் முன்னாடி என் சொந்த கார்ல இதே அறிகுறி, ரெண்டு முழு நாள் உக்காந்து டேஷ்போர்ட கழட்டி, கோர வெளிய எடுத்து கைல வெச்சு திருப்பி திருப்பி பாக்குறேன், எங்கயும் கறை இல்ல, எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. அப்புறம் பானட்ட தொறந்து டார்ச் அடிச்சு பாத்தா, ஃபயர்வாலுக்கு ஒட்டினாப்ல ஹோஸ் கிளிப் தளந்து போய், அங்க ஒரு சொட்டு முளைச்சு, விழாம பைப் மேலயே ஊந்து, பைப் உள்ள நுழையுற ரப்பர் வளையம் வழியா கேபினுக்குள்ள எறங்கியிருக்கு. ஸ்க்ரூ டிரைவரால கிளிப்ப அர சுத்து முறுக்குனேன், நின்னு போச்சு. அந்த ரெண்டு நாள் உங்களுக்கும் வீணாக கூடாதுன்னு தான் இவ்ளோ எழுதுறேன்.

அதனால ஃபயர்வால் பக்கம் ரெண்டு ஹோஸ் மூட்டையும் முதல்ல பாருங்க, கைக்கு எட்டலன்னா சின்ன கண்ணாடி ஒண்ண நீட்டி பாருங்க, காஞ்ச கூலன்ட் வெள்ளையாவோ பச்சையாவோ உப்பு பூத்த மாதிரி படிஞ்சிருக்கும். அங்க சுத்தமா இருந்தா அடுத்தது பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் மூடி இருக்குற இடத்துல மாட்டுற கை பம்ப் டெஸ்டர் ஒண்ணு இருக்கு, தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல கேட்டு வாங்கலாம். இன்ஜின் நல்லா ஆறுன பிறகு மூடிய கழட்டி இத மாட்டி, மூடில போட்டிருக்குற அழுத்தம் வரைக்கும் மட்டும் அடிங்க. பெரும்பாலும் 0.9 பார்லேர்ந்து 1.4 பாருக்குள்ள இருக்கும், அதாவது சுமார் 13 முதல் 20 பிஎஸ்ஐ. அதுக்கு மேல அடிச்சா நல்லா இருக்குற ஹோஸும் போயிடும். ஒரு 20 நிமிஷம் விட்டுட்டு முள்ள பாருங்க. எறங்குதா? வெளிய எங்கயும் சொட்டு இல்லையா? இப்போ ஃபயர்வாலுக்கு பக்கத்துல ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் ஹோஸ் கிளாம்ப் போட்டு மெதுவா நசுக்கி அடைச்சுட்டு மறுபடி அடிங்க. இப்போ முள் அசையாம நிக்குதுன்னா கோர் தான் குற்றவாளி, சந்தேகமே வேண்டாம். கிளாம்ப் போட்ட பிறகும் எறங்குதுன்னா ஓட்ட வேற எங்கயோ இருக்கு. ஹோஸ் பழசாகி கல்லு மாதிரி இறுகி போயிருந்தா மட்டும் நசுக்காதீங்க, வெடிச்சுடும்.

சில கோர் ஆறி இருக்கும்போது ஒழுகாது, சூடாகி உலோகம் விரிஞ்சா தான் ஒழுகும். அப்படி சந்தேகம் இருந்தா கூலன்ட்ல யூவி சாயம், அதாவது புற ஊதா வெளிச்சத்துல மின்னுற சாயம், கொஞ்சம் ஊத்தி ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டு, ஏசி வடிகால் குழாய் முனையிலயும் கால் பக்கத்து காத்து துளையிலயும் யூவி டார்ச் அடிச்சு பாருங்க, பளிச்சுன்னு மஞ்ச பச்சையா மின்னும்.

ஒண்ணே ஒண்ணு, டேங்க் எறங்குது ஆனா உள்ள ஈரமும் இல்ல வாசனையும் இல்லன்னு எழுதுனவங்க ரெண்டு பேர் இருக்கீங்க. உங்களுக்கு இது பொருந்தாது, நீங்க ஹெட் கேஸ்கெட்ட, அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதோட மேல் பகுதிக்கும் நடுவுல இருக்குற அடைப்பு தகட்ட, பாக்கணும். சைலன்சர்ல இன்ஜின் சூடான பிறகும் நிக்காம வெள்ள புகை, ஆயில் மூடில பால் மாதிரி கலங்கல், டேங்க்ல தொடர்ந்து குமிழி, இதுல எது இருந்தாலும் வண்டிய ஓட்டாதீங்க.

கேள்வி: கோர் தான்னு உறுதி ஆயிடுச்சு அண்ணா. ஆனா லீவு கெடைக்க இன்னும் மூணு வாரம் ஆகும். அது வரைக்கும் ஓட்டலாமா?

பதில்: இப்படியே ஓட்டாதீங்க தம்பி. சின்ன ஓட்ட எப்போ பெருசாகும்னு யாருக்கும் தெரியாது, ஓடுற வண்டில சட்டுன்னு விரிஞ்சா கொதிக்கிற கூலன்ட் பக்கத்துல உக்காந்திருக்குறவங்க கால் மேல கொட்டும், கண்ணாடி ஒரு நொடில வெள்ளையாயிடும்.

ஆனா தற்காலிகமா கோர சுத்தி போக வைக்கலாம். பானட் பக்கம் கோருக்கு போற ஹோஸையும் திரும்பி வர்ற ஹோஸையும் கழட்டி, அதே விட்டத்துல ஒரு ஜாயின்டர் போட்டு ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு இணைச்சு கிளிப் போட்டுடுங்க. ஹோஸ் வளையுற இடத்துல மடிஞ்சு நசுங்காம பாத்துக்கோங்க. ரெண்டையும் தனித்தனியா கட்ட போட்டு அடைக்க சொல்றவங்க இருக்காங்க, நான் அத சொல்ல மாட்டேன், சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்கு, அதாவது சூட்ட பொறுத்து கூலன்ட் பாதைய தொறந்து மூடுற வால்வுக்கு, சூடு சரியா போய் சேர்றதே இந்த ஹீட்டர் பாதையால தான், அத அடைச்சா இன்ஜின் சூடு ஏடாகூடமா ஏறி எறங்கும். இணைச்ச பிறகு கூலன்ட் ரொப்பி காத்த எடுத்துடுங்க.

இப்படி ஓட்டுற வரைக்கும் ஹீட்டர் இருக்காது, கண்ணாடில பனி படிஞ்சா சூடா காத்து அடிச்சு தெளிய வைக்க முடியாது. அதனால குளிர்ற நேரத்துல விடிகாலையிலயும் மழையிலயும் வெளிய எடுக்காதீங்க. இன்னொண்ணு, எப்படியும் மாத்த தானே போறோம்னு வெறும் தண்ணிய ஊத்தி ஓட்டாதீங்க. பாதிக்கு பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரி வரைக்கும் உறையாது, வெறும் தண்ணி 0 டிகிரியிலயே உறைஞ்சு பிளாக்கையே பிளக்கும்.

கேள்வி: ஓட்டய அடைக்கிற பவுடர் ஊத்துனா போதும், கழட்டவே வேண்டாம்னு சொல்றாங்களே?

பதில்: அந்த பவுடருக்கு எது ஓட்ட எது வழின்னு தெரியாது. ஹீட்டர் கோர் குழாய் தான் மொத்த சிஸ்டத்துலயே ரொம்ப குறுகலானதுல ஒண்ணு, அதனால முதல்ல அடைபடுறதும் அது தான். நடு வழில மாட்டிக்கிட்டு வீடு வந்து சேரணும்னா சரி. நல்லா இருக்குற ரேடியேட்டரோட வண்டிய வீட்ல வெச்சுக்கிட்டு ஊத்தாதீங்க.

கேள்வி: எனக்கு பிரேக் பேட் மாத்துறது, ஆயில் மாத்துறது, ரேடியேட்டர் ஹோஸ் மாத்துறது எல்லாம் வீட்லயே பழக்கம். ஹீட்டர் கோர் மாத்துறது அதே மாதிரி தானா, இல்ல ஒர்க்‌ஷாப்ல விட்டுடலாமா? எங்க ஆரம்பிக்கணும், எங்க தப்பு நடக்கும்னு கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பதில்: வேலை கஷ்டம்னு சொல்ல மாட்டேன், நீளம். முக்கால்வாசி நேரம் கழட்டுறதுலயும் திரும்ப மாட்டுறதுலயும் தான் போகும், கோர மாத்துறது அதுக்கு நடுவுல பத்து நிமிஷம்.

முதல்ல உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல வாங்கி படிங்க. வண்டிக்கு வண்டி இது பெரிய வித்தியாசம். சில கார்ல கால் பக்கத்துல ஒரு சின்ன மூடிய கழட்டுனா கோர் அப்படியே பக்கவாட்டுல டிராயர் மாதிரி உருவிக்கிட்டு வந்துடும், ஒரு மதியத்துல முடிஞ்சிடும். சில கார்ல டேஷ்போர்ட தளர்த்தி பின்னாடி இழுத்தா கை போகும். மூணாவது வகை தான் ரொம்ப படுத்தும், டேஷ்போர்டு முழுசா வெளிய வரணும், அதுக்கு பின்னாடி இருக்குற இரும்பு குறுக்கு சட்டம் வரணும், அப்புறம் ஹீட்டர் பெட்டியே வரணும், அந்த பெட்டிக்குள்ள கோருக்கு பக்கத்துலயே ஏசியோட எவாப்பரேட்டரும், அதாவது காத்த குளிர வைக்கிற பகுதியும், இருக்கும். உங்க வண்டி இந்த மூணாவது வகைன்னா கழட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஏசி மெக்கானிக்கிட்ட போய் மெஷின் வெச்சு கேஸ எடுத்துட சொல்லுங்க. நீங்களா பைப்ப தளர்த்தி கேஸ வெளிய விட்டுடாதீங்க, கைல பட்டா பனிக்கடி மாதிரி தோல் செத்துடும், அதோட ஒரு கிலோ ஆர்134ஏ கேஸ் வானத்துக்கு போனா 1400 கிலோ கார்பன் டை ஆக்சைடு போன மாதிரி. முதல் தடவ செய்யுறவங்க இந்த வகைக்கு ரெண்டு முழு நாள் ஒதுக்குங்க, அடுத்த நாள் காலைல வண்டி வேணும்னு இருந்தா ஆரம்பிக்கவே வேண்டாம்.

அடுத்தது ஏர்பேக். இதுல அவசரமே கூடாது. ஸ்டியரிங்க நேரா வெச்சு பூட்டிட்டு, பேட்டரி நெகட்டிவ் வயர கழட்டி தானா வந்து ஒட்டாத மாதிரி ஒதுக்கி வெச்சுட்டு, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருங்க, நான் எப்பவும் பத்து நிமிஷத்துக்கு கொறையாம விடுவேன். ஏர்பேக் வயரும் கனெக்டரும் பெரும்பாலும் மஞ்ச நிறத்துல இருக்கும். அதுல மல்டிமீட்டர் முனைய வைக்கவே கூடாது. கழட்டுன ஏர்பேக்க அலங்கார பக்கம் மேல பாத்த மாதிரி, யாரும் போகாத இடத்துல வைங்க. ஸ்டியரிங் வீல் எடுக்க வேண்டி வந்தா அதுக்கு பின்னாடி இருக்குற சுருள் வயர் தட்ட சுத்தி விட்டுடாதீங்க, டேப் போட்டு ஒட்டிடுங்க.

ஸ்க்ரூ விஷயம். ஒரு டேஷ்போர்டுல சாதாரணமா நாப்பது அம்பது ஸ்க்ரூ வரும், பாக்க எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்கும், நீளம் மட்டும் வேற. குட்ட ஸ்க்ரூ இருந்த இடத்துல நெட்டைய போட்டு முறுக்குனா அது பின்னாடி இருக்குற வயர்ல போய் குத்தும். நான் ஒரு பெரிய அட்டைப்பெட்டிய கிழிச்சு விரிச்சு, அதுல டேஷ்போர்டு படத்த கோணல் மாணலா வரைஞ்சு, எந்த ஸ்க்ரூ எங்கேர்ந்து வந்துச்சோ அந்த இடத்துல அட்டைல குத்தி நிக்க வெச்சுடுவேன். திரும்ப மாட்டும்போது அட்டைல ஏதாவது மிச்சம் நின்னா அதோட இடம் எதுன்னு அட்டையே சொல்லிடும். ஒவ்வொரு கனெக்டர கழட்டுறதுக்கு முன்னாடியும் போன்ல ஒரு போட்டோ, வயர் எது மேல எது கீழ போகுதுங்குறது தெரியுற மாதிரி. கிளிப் வராத எடத்துல இழுக்காதீங்க, வரலன்னா எங்கயோ ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

கூலன்ட்ட எறக்குறது இன்ஜின் ஆறுன பிறகு தான், சூடா இருக்கும்போது மூடிய தொறந்தா முகத்துல அடிக்கும். அகலமான தட்டு வெச்சு மொத்தத்தையும் புடிச்சு, அளந்து குறிச்சுக்கோங்க, திரும்ப ஊத்தும்போது எவ்ளோ உள்ள போகணும்னு அப்போ தான் தெரியும். ஹோஸ கழட்டும்போது தான் நெறைய பேர் வேலைய ரெண்டாக்கிக்குறாங்க. பழைய ஹோஸ் பைப்போட ஒட்டிக்கிட்டு இருக்கும், பிளேயரால புடிச்சு திருகுனா மெலிசான அலுமினிய பைப் நசுங்கும் இல்ல முறியும். கோர் தான் குப்பைக்கு போகுதேன்னு நெனைக்காதீங்க, சில வண்டில அந்த பைப் கோரோட சேந்தது இல்ல, தனியா வண்டிலயே இருக்கும். ஹோஸ நீளவாக்குல பிளேடால கீறி வாழப்பட்டை உரிக்கிற மாதிரி உரிச்சு எடுங்க, ஹோஸும் புதுசா போட்டுடுங்க. கழட்டுனதும் ஒரு பைப்ல வாய் வெச்சு ஊதாம, டயருக்கு காத்தடிக்கிற கை பம்ப்ல மெதுவா காத்த விட்டா கோருக்குள்ள தங்கி இருக்குற கூலன்ட் இன்னொரு பைப் வழியா பானட் பக்கமே வந்துடும். இத விட்டுட்டா அந்த மிச்சம் பூரா உங்க கார்பெட்டுல தான் கொட்டும். அப்பவும் கீழ பிளாஸ்டிக் ஷீட்டும் பழைய துணியும் விரிச்சு வைங்க.

பழைய கோர் வெளிய வந்ததும் புதுச பக்கத்துல வெச்சு பாருங்க. பைப் வளைவு, நீளம், தடிமன், எல்லாம். ஒரு விரக்கடை வித்தியாசம் இருந்தாலும் மாட்டாதீங்க, வளைச்சு சரி பண்ணலாம்னு யோசிக்கவே வேண்டாம், மாத்தி வாங்கிட்டு வாங்க. பழைய கோர சுத்தி ஒரு கறுப்பு நுரை பட்டை ஒட்டியிருக்கும், அத நெறைய பேர் பேக்கிங்னு நெனச்சு தூக்கி போட்டுடுறாங்க. அது தான் காத்து கோர சுத்திக்கிட்டு ஓடாம அது வழியாவே போக வைக்குது, அது இல்லன்னா புது கோர் போட்டும் காத்து வெதுவெதுன்னு தான் வரும். புது கோரோட பட்டை வரலன்னா அதே தடிமன்ல வாங்கி ஒட்டுங்க. பைப் மூட்டுல வர்ற ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், கட்டாயம் புதுசு, போடும்போது கொஞ்சம் புது கூலன்ட்டயே தடவி போடுங்க. ஆயிலோ கிரீஸோ தடவாதீங்க, கூலன்ட் ஹோஸ்லயும் ஓ-ரிங்லயும் வர்ற ரப்பர் பெரும்பாலும் பெட்ரோலிய ஆயில் பட்டா ஊதி போயிடுற வகை.

பெட்டி தொறந்து இருக்கும்போதே உள்ள சேந்த தூசி இலை தழை எல்லாம் எடுத்துடுங்க, ஏசி வடிகால் ஓட்டைல தண்ணி ஊத்தி ஓடுதான்னு பாருங்க, சூடு குளிர் மாத்துற கதவ கையால ரெண்டு பக்கமும் அசைச்சு பாருங்க. அது இறுக்கமா இருந்தாலோ அதோட மோட்டார் கடகடன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாலோ இப்பவே மாத்துங்க, இன்னொரு தடவ இவ்ளோ தூரம் வர உங்களுக்கு மனசு வராது.

இப்போ முக்கியமானது. டேஷ்போர்ட திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி, ஹோஸ மாட்டி கூலன்ட் ரொப்பி அதே கை பம்ப வெச்சு பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. அர மணி நேரம் முள் அசைய கூடாது. கோர் பைப் மூட்டுல காஞ்ச டிஷ்யூவ சுத்தி வைங்க, ஒரு புள்ளி ஈரம் பட்டாலும் அது காட்டி குடுத்துடும். இன்ஜின ஓட்டி பாக்கணும்னு ஆசை வரும், ஏர்பேக் கழண்டு இருக்கும்போது பேட்டரிய மாட்டி சாவிய போட்டா ஏர்பேக் விளக்கு எரிஞ்சு ஃபால்ட் பதிஞ்சிடும், அத அழிக்க ஸ்கேனர் வேணும். அதனால பம்ப் டெஸ்ட் போதும்.

கேள்வி: கோர் மாத்தி முடிச்சுட்டேன், இப்போ ஒழுகல. ஆனா ஹீட்டர்ல பச்ச தண்ணி மாதிரி குளுந்த காத்து தான் வருது, டேஷ்போர்டுக்குள்ள தண்ணி ஓடுற மாதிரி கலகலன்னு சத்தம். புது கோர் கெட்டதா?

பதில்: கோர் நல்லா தான் இருக்கும், உள்ள காத்து மாட்டியிருக்கு, அந்த கலகல சத்தமே அது தான். வண்டி முன்பக்கம் மேடா இருக்குற மாதிரி நிறுத்தி, ஹீட்டர முழு சூட்டுல வெச்சு, இன்ஜின் ஆறி இருக்கும்போது மூடிய தொறந்து ரொப்புங்க. காத்து எடுக்குற ஸ்க்ரூ இருந்தா அத தளர்த்தி குமிழி இல்லாம கூலன்ட் வர்ற வரைக்கும் விட்டு மூடுங்க. அப்புறம் மூடிய போட்டு ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவ ஓடி நிக்கிற வரைக்கும் ஓட்டி, முழுசா ஆற விட்டு, எறங்குன அளவுக்கு மறுபடி ஊத்துங்க. ரெண்டு மூணு தடவ ஆகலாம், பொறுமையா பண்ணுங்க, நடுவுல சூட்டு முள் மேல போனா உடனே நிறுத்திடுங்க.

அப்பவும் குளுந்த காத்துன்னா ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் ஜாக்கிரதையா தொட்டு பாருங்க. ரெண்டும் நல்ல சூடுன்னா கோர் வேலை செய்யுது, சூடு குளிர் கதவு தான் திறக்கல. ஒண்ணு சூடு ஒண்ணு குளிர்னா கூலன்ட் உள்ள ஓடல, இன்னும் காத்து இருக்கு இல்ல அடைப்பு. ரெண்டுமே குளிர்னா கூலன்ட் பத்தல, இல்லன்னா தெர்மோஸ்டாட் தொறந்தே மாட்டிக்கிச்சு.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் கோர மாத்திட்டார். கார்பெட்ட மேல துடைச்சு வெயில்ல வெச்சோம், ஆனா வாசன போகவே இல்ல. ஒன்ற வயசு பையன் அந்த கார்பெட்டுல தவழ்ந்து வெளையாடுவான், அதான் கேக்குறேன்.

பதில்: சுத்தம் ஆகுற வரைக்கும் பையன அந்த பக்கம் விடாதீங்கம்மா, வீட்ல நாய் பூனை இருந்தா அதுங்களையும். பெரும்பாலான கூலன்ட்ல இருக்குறது எத்திலீன் கிளைகால், இனிப்பா இருக்குறதால குழந்தைங்களும் பிராணிங்களும் நக்கிடும், கொஞ்சமா உள்ள போனாலும் கிட்னிய கெடுக்குற விஷம். வாய்ல வெச்சுட்டான்னு சந்தேகம் வந்தா கூட வாந்தி எடுக்க வைக்காம, அறிகுறி வரட்டும்னு காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரி போங்க, முடிஞ்சா கூலன்ட் டப்பாவையும் எடுத்துட்டு போங்க. இதுக்கு மாத்து மருந்து இருக்கு, சீக்கிரம் குடுத்தா காப்பாத்தும். முதல் சில மணி நேரம் குழந்தை நல்லா இருக்குற மாதிரி தெரியலாம், அத பாத்து ஏமாந்துடாதீங்க.

வாசன போகாததுக்கு காரணம் மேல இருக்குற கார்பெட் இல்ல, அதுக்கு அடில இருக்குற கனமான நுரை மெத்தை. ஸ்பாஞ்ச் மாதிரி குடிச்சு வெச்சிருக்கும், வெயில்ல தண்ணி போகும், கிளைகால் போகாது. சீட்ட கழட்டுங்க, இதுவும் சீட்டுக்குள்ள ஏர்பேக் இருந்தா பேட்டரிய எடுத்து காத்திருந்து தான். கார்பெட்ட தூக்கி, முடிஞ்சா வெளிய எடுத்து, நுரைய வெதுவெதுப்பான தண்ணில சோப்பு போட்டு அழுத்தி அழுத்தி அலசுங்க, பிழியுற தண்ணில சாயமும் வழுக்கலும் நிக்கிற வரைக்கும். உறிஞ்சி எடுக்குற வேக்குவம் இருந்தா வேல பாதியாகும். ரொம்ப ஊறி நாறி போயிருந்தா அந்த நுரைய வெட்டி எறிஞ்சுட்டு புதுசு போடுறது தான் நல்லது. இரும்பு தரைல இருக்குற வயர் கனெக்டர், சீட்டுக்கு அடில ஏதாவது கம்ப்யூட்டர் பெட்டி இருந்தா அதையும் தொறந்து ஈரம் போச்சான்னு பாக்க சொல்லுங்க. முன் கண்ணாடி படலத்துக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், சுத்தமான துணிய மாத்தி மாத்தி மூணு தடவ. எறக்குன பழைய கூலன்ட்ட சாக்கடைலயோ மண்ணுலயோ கொட்டாம மூடி போட்ட கேன்ல அடைச்சு பேர் எழுதி, கழிவு ஆயில் வாங்குற இடத்துல குடுத்துட சொல்லுங்க.

கேள்வி: பத்து மாசத்துல ரெண்டாவது கோரும் ஒழுக ஆரம்பிச்சுடுச்சு. நல்ல பார்ட் தான் வாங்கி போட்டேன். என்னால மறுபடி டேஷ்போர்ட கழட்ட முடியாது சார்.

பதில்: உங்க வலி புரியுது. மூணாவது கோர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர எடுங்க. கூலன்ட்டுக்குள்ள கரண்ட் ஓடுனா அலுமினியத்த உள்ளேர்ந்து அரிச்சு ஊசி ஓட்ட போடும், அதுக்கு பார்ட் எவ்ளோ நல்லதா இருந்தாலும் தாங்காது. மீட்டர டிசி வோல்ட்ல வெச்சு, கறுப்பு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும், சிவப்பு முனைய தொறந்த ரேடியேட்டர் வாய்ல கூலன்ட்டுக்குள்ளயும் வைங்க, உலோகத்துல படாம. இன்ஜின் ஆறி இருக்கும்போது ஆரம்பிங்க. எல்லாம் ஆஃப்ல இருக்கும்போது ஒரு அளவு, ஒருத்தர் ஸ்டார்ட்டர் அடிக்கும்போது ஒரு அளவு, ஓடும்போது ஹெட்லைட், பிளோயர், ஏசின்னு ஒண்ணொண்ணா போட்டு ஒவ்வொரு அளவு. 0.3 வோல்ட்டுக்கு மேல போனா பிரச்சன இருக்கு. ஸ்டார்ட்டர் அடிக்கும்போது எகிறுனா இன்ஜினுக்கும் பாடிக்கும் போற எர்த் பட்டை துருப்பிடிச்சிருக்கும், பிளோயர் போட்டதும் எகிறுனா அதோட எர்த். அந்த மூட்ட கழட்டி உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு இறுக்குங்க. கோருக்கே ஒரு எர்த் வயர் போட்டுடலாம்னு சிலர் சொல்வாங்க, போடாதீங்க, கரண்ட்டுக்கு அது வழியா போக நீங்களே பாதை போட்டு குடுத்த மாதிரி ஆகும்.

பேட்டரிய கழட்டிட்டு கறுப்பு முனைய இன்ஜின் உலோகத்துல வெச்சு பாத்தாலும் அளவு அப்படியே வருதுன்னா கூலன்ட்டே கெட்டு போய் பேட்டரி மாதிரி வேலை செய்யுது. கோர் மாத்துனப்போ பழைய கூலன்ட்டயே வடிகட்டி ஊத்துனீங்களா, இல்ல குழாய் தண்ணில கலந்தீங்களா? ரெண்டும் தப்பு. முழுசா அலசிட்டு, மேனுவல்ல போட்டிருக்குற வகை கூலன்ட்ட டிஸ்டில்ட் வாட்டர்ல கலந்து ஊத்துங்க. நிறத்த பாத்து வாங்காதீங்க, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு சாயம் போடுது, வகை மாறி கலந்தா உள்ள கூழாகி அடைச்சுக்கும். பழைய வகை சுமார் 2 வருஷம், நீண்ட நாள் வகை சுமார் 5 வருஷம், அதுக்குள்ள துரு தடுக்குற மருந்து தீந்து போயிடும், நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

அதுவரைக்கும் மேல ரெண்டாவது கேள்வில சொன்ன மாதிரி ஹோஸ இணைச்சு வெச்சுட்டு, மீட்டர்ல ஒவ்வொண்ணுக்கும் என்ன அளவு வந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதி அனுப்புங்க, எந்த எர்த்துன்னு பாத்து சொல்றேன்.